நூத்தம்பதார் வகையறா

வாடா பேராண்டி, வா. செருப்பை அங்கிட்டு விட்டுட்டு இப்படித் திண்ணையில உக்காரு. கால்சட்டை கசங்கிருமேன்னு பாக்காதே. விறைப்பா நின்னுக்கிட்டே கேக்குற சமாச்சாரம் இல்ல இது.

பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப்போறியாமே. அதுல சர்நேம்னு ஒரு கட்டம் இருக்காம். நம்ம குடும்பத்துக்குன்னு கெத்தா ஒண்ணு வேணும், ஊர் உலகத்துல வேற எவனுக்கும் அது இருக்கப்படாது. இதானே உன் கவலை? உங்க ஆத்தா நேத்தே சொல்லிட்டா. அதோட நீயே ஒரு பேரையும் பிடிச்சு வெச்சிருக்கியாம்: நூத்தம்பதார்! சின்ன வயசுல நம்ம வீட்டை ஊருக்குள்ள 'நூத்தம்பதார் வீடு'ன்னு சொல்லக் கேட்டிருக்கே. நமக்கு நூத்தம்பது ஏக்கர் புஞ்சை இருந்திருக்கணும், இல்லாட்டி பாளையக்காரர்கிட்ட நூத்தம்பது வேல்கம்புக்கு நம்ம பாட்டன் தலைவனா இருந்திருக்கணும்னு பொண்டாட்டிகிட்ட அளந்தும் விட்டிருக்கே. அவளும் நேத்து எனக்கு மோர் குடுக்கையில வழக்கத்தைவிட ரொம்பக் குனிஞ்சுதான் குடுத்தா.

பேரு நல்லாத்தான் இருக்கு. அது எப்படி வந்துச்சுன்னு இந்த ஊருல இப்போ எனக்கு மட்டும்தான் தெரியும். கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னால ஒரு பேரு எப்படிப் பெருகுது, எப்படி அத்துப்போகுதுன்னு நாலு விசயம் காதுல வாங்கிக்க.

முப்பத்திமூணு வருசம் இந்த ஊருக் கிளைத் தபாலாபீசுக்குப் போஸ்ட்மாஸ்டரா இருந்தவன் நான். மனுசன் முகத்தைவிட அவன் பேரைத்தான் அதிகமாப் பாத்திருக்கேன். என் காலத்துல கீழத்தெருவுல மட்டும் ஏழு கருப்பசாமி. எல்லாருக்கும் ஒரே குலசாமி, அதனால ஒரே பேரு. அதுபோகத் தாத்தன் பேரைப் பேரனுக்கு விடுற வழக்கம் வேற. பேரன்கிற சொல்லே 'பெயரன்'தானடா, தாத்தன் பேரைச் சுமக்கிறவன். அந்தக் கணக்குல உனக்கு என் பேரைத்தான் வெச்சிருக்கணும். உங்கப்பன் எண் சோசியக்காரனுக்குத் தட்சணை குடுத்து, உலகத்துலயே இல்லாத பேருன்னு ஒண்ணை வாங்கிட்டு வந்தான். இப்போ நம்ம ஊருப் பள்ளிக்கூடத்துலயே அந்தப் பேருல நாலு பயலுக திரியுறாங்க. உங்கப்பன் தேடிப் பிடிச்ச சோசியனையே அந்த நாலு அப்பனும் பிடிச்சிருக்காக.

சரி, ஏழு கருப்பசாமியை எப்படிப் பிரிக்கிறது? முதலெழுத்தைப் போட்டாத் தீர்ந்துச்சுங்கிறியா? அதுல மூணு பேருக்கு அப்பன் மாடசாமி. அதனால ஊரே ஒரு வழி பண்ணி வெச்சிருந்துச்சு. மச்சு வீட்டுக் கருப்பசாமி, பட்டாளத்தார் கருப்பசாமி, ரங்கூனார் கருப்பசாமி, நொண்டிக்காளைக் கருப்பசாமி. காளை செத்து இருபது வருசம் ஆன பிறகும் அவன் மகனுக்கு நொண்டிக்காளை வீட்டான்னுதான் பேரு. அதான் வகையறா. சர்க்காரு எந்தக் கட்டத்துலயும் எழுதாத சர்நேம் அது.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, கவனி. இங்கிலாந்துல எல்லாத்தையும் மிஞ்சின சர்நேம் எது தெரியுமா? ஸ்மித். அப்படின்னா கொல்லன். அந்தக் காலத்துல அங்க கொல்லன் அதிகமா, சம்சாரி அதிகமா? சம்சாரிதான். அப்புறம் எப்படிக் கொல்லன் பேரு பெருத்துச்சு? நம்ம கீழத்தெருவுல போயி 'சம்சாரி கருப்பசாமி'ன்னு கேட்டுப் பாரு, ஏழு பேரும் எந்திரிச்சு வருவாங்க. கொல்லன் ஊருக்கு ஒருத்தன். 'கொல்லப்பட்டறை வில்லியம்'னு சொன்னா ஆளு தப்பாது. அதனாலதான் அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. ஊருக்கு ஒருத்தனா இருந்தவனை எல்லா ஊரையும் சேத்துக் கூட்டிப் பாத்தா முதலாவது ஆளா வந்து நிக்கிறான். ஜெர்மனியில ஷ்மிட், ஹங்கேரியில கோவாச், அரபு தேசத்துல ஹத்தாத், எல்லாம் கொல்லன்தான். உன் போன்ல படம் வெச்சிருக்கியே செவப்புக் காரு, ஃபெராரி, அதுவும் இத்தாலிக்காரக் கொல்லன் பேருதான். நீ என்னமோ அதை ராசா வீட்டுப் பேருன்னு நினைச்சிருப்பே.

ராசா வீட்டுப் பேருன்னதும் முகம் மலருது பாரு. அதுக்கும் கதை இருக்கு. உன் தங்கச்சி காலேஜுல கணக்குப் படிக்கிறாளே, இப்போ எனக்கு அவதான் போஸ்ட்மாஸ்டர். ராத்திரி சாப்பிட்டதும் போனைப் பாத்து வாசிப்பா, நான் கேட்டுக்குவேன். கொரியாவுல அஞ்சு பேரைக் கூப்பிட்டா ஒருத்தன் கிம்மாம். 2015 கணக்கெடுப்புல அந்தப் பேருல மட்டும் 1 கோடியே 6 லட்சம் பேருக்கு மேல. கிம், லீ, பார்க் மூணையும் கூட்டினா சனத்துல பாதிக்குக் கொஞ்சம்தான் கம்மி. 'சியோல்ல கிம் மாப்பிள்ளையைத் தேடுன மாதிரி'ன்னு அங்க ஒரு சொலவடையே உண்டாம். அங்க இருக்கிற தபால்காரனை நினைச்சு எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

அத்தனை கிம்முக்கும் ஒரே பாட்டனான்னு கேட்டேன். அதெல்லாம் இல்ல. அங்க முன்னால இருந்த சோசன் ராச்சியத்துல அடிமைக்கும் ஏழைபாழையில பலருக்கும் குடும்பப் பேரே கிடையாதாம். பேரு பெரிய வீட்டுச் சொத்து. நாளாவட்டத்துல நாலு காசு பாத்தவன், நொடிச்சுப்போன பெரிய வீட்டுக்காரன்கிட்டப் போயி வம்சாவளிப் புத்தகத்துலயே இடம் வாங்கிட்டான். 1894-ல அடிமைமுறையை ஒழிச்சாக. 1909-ல எல்லாரும் குடும்பப் பேரோட பதிவு பண்ணணும்னு சட்டம் வந்துச்சு. எழுதுற குமாஸ்தா 'உன் பேரு என்ன?'ங்கிறான். அதுவரைக்கும் பேரே இல்லாதவன் என்ன சொல்லுவான்? ராசா வீட்டுப் பேரைத்தான் சொல்லுவான். இனாமாக் கிடைக்கிறப்போ நொண்டிக்காளையையா எழுதச் சொல்லுவான்? நீ சொல்லுவியா? அதான் நூத்தம்பதாரைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கியே!

இரவல் பேருன்னாலும் வினை நிசம். ஒரே பேரு, ஒரே பூர்வீக ஊருன்னா பங்காளி முறை, கல்யாணம் கூடாதுன்னு அங்க சட்டமே இருந்துச்சு. கிம்ஹே ஊரைப் பூர்வீகமாச் சொல்ற கிம் மட்டும் 40 லட்சத்துக்கு மேல. நாப்பது லட்சம் பங்காளிடா! நமக்கு நாலு பங்காளி, அதுக்கே வருசம் தவறாம வரப்புத் தகராறு. தெரியாத்தனமா ஆசைப்பட்ட பிள்ளைக எத்தனையோ பதிவு பண்ண முடியாமத் தவிச்சிருக்கு. 1997-ல அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடை ஆகாதுன்னு சொல்லிச்சு, 2005-ல சட்டத்தையும் மாத்தினாக. கொரியாவுல பங்காளிச் சண்டை முடிய நீதிமன்றம் போக வேண்டியதாச்சு. அந்த ஒரு விசயத்துல நம்ம ஊரு மாதிரியேதான்.

கொரியாவுல நடந்தது குமாஸ்தா பண்ணின வேலை. மேலிடத்துக் கட்டளை பண்ணின வேலை இன்னும் வேடிக்கை. வியட்நாம்ல பத்துக்கு மூணு, நாலு பேருக்கு நுயென்னு பேரு. ஆட்சியைப் பிடிச்ச திரான் வம்சத்தாரு 1232-ல, பழைய லீ வம்சத்துக்காரங்க எல்லாரும் நுயென்னு மாத்திக்கணும்னு உத்தரவு போட்டாக. 1802-ல நுயென் வம்சமே அரியணை ஏறிருச்சு. அப்புறம் கேக்கணுமா, ஆளாளுக்கு நுயென். பிலிப்பைன்ஸ்ல 1849-ல ஸ்பானியக் கவர்னர் கிளாவேரியா, அறுபதாயிரம் சர்நேமுக்குப் பக்கமா அகரவரிசையில அச்சடிச்சு, ஊருக்குச் சில பக்கம்னு பிரிச்சு அனுப்பிட்டாரு. ஓவாஸ்னு ஒரு ஊருக்கு 'ஆர்' எழுத்துப் பக்கம் போச்சு. இன்னைக்கும் அங்க பல பேருக்குச் சர்நேம் 'ஆர்'லதான் தொடங்குது. ரேஷன் கடையில சக்கரை அளந்து போடுற மாதிரி பேரை அளந்து போட்டிருக்காரு மனுசன்.

யாருக்கும் இல்லாத சர்நேம்தான் வேணும்னா ஒரே வழி, துருக்கி வழி. 1934-ல எல்லாரும் சர்நேம் வைக்கணும்னு அங்க சட்டம். முஸ்தபா கமாலுக்கு நாடாளுமன்றமே 'அத்தாதுர்க்'னு, துருக்கியரின் தகப்பன்னு, பேரு குடுத்துச்சு. வேற ஒருத்தரும் அதை வெச்சுக்கப்படாதுன்னு அதுக்கும் சட்டம். அப்படி ஒரு பேரு வாங்கணும்னா மொதல்ல நீ ஒரு தேசத்தை உண்டாக்கணும். உனக்கு இப்போதைக்கு மாடியில ஒரு ரூம்பு எடுக்கவே பாங்குல லோன் இழுத்துக்கிட்டுக் கிடக்கு.

'நல்ல வம்சம்னா பேரு தானா நிலைக்கும் தாத்தா'ங்கிறே. வா, அதையும் பாத்துருவோம். போன மழைக்கு, கரண்டு போன ராத்திரியில நானும் உன் தங்கச்சியும் இதே திண்ணையில ஒரு ஆட்டம் ஆடினோம். தாயம் ஆடுறதுக்குத் தேய்ச்சு வெச்ச புளியங்கொட்டை ரெண்டு. ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு. தரையில சாக்குக்கட்டியால இருபது வீடு, இருபது வகையறா. ஒவ்வொரு வீட்டுக்காரனுக்கும் ரெண்டு கொட்டையையும் ஒரு தடவை உருட்டணும். வெள்ளை விழுந்தா ஆம்பளப் பிள்ளை. ரெண்டு வெள்ளைன்னா ரெண்டு மகன், ஒண்ணுன்னா ஒருத்தன், ரெண்டும் கறுப்புன்னா அந்த வீட்டுப் பேரை அழிச்சிரணும். அடுத்த சுத்துல அந்த மகன்களுக்கு உருட்டணும்.

முதல் சுத்துலயே அஞ்சு வீடு காலி. அஞ்சாவது சுத்து முடியையில எட்டு வகையறாதான் மிச்சம். ஆனா தலையை எண்ணினா அப்பவும் இருபதுக்குப் பக்கம் இருக்கு! ஊருல சனம் குறையல, பேருதான் குறைஞ்சுச்சு. மூலையில கிடந்த ஒரு வீடு மட்டும் ஆறு தலையா வளந்து நின்னுச்சு. நான் என் பேருக்குன்னு போட்ட வீடு ரெண்டாவது சுத்துலயே அவுட்டு. உன் தங்கச்சி கணக்குப் போட்டுக் காட்டினா. இதே மாதிரி நூறு வீடு இருந்தா, சராசரிக்கு முதல் தலைமுறையில 25 பேரு அழியும், ரெண்டாவது முடியையில 39, நாலாவது முடியையில 55. ஒருத்தனும் வீரத்துலயோ புத்தியிலயோ இன்னொருத்தனுக்கு இளைச்சவன் இல்ல. எல்லாம் கொட்டை விழுந்த விதம். இப்போ அந்த ஆறு தலைக்காரன் என்ன சொல்லுவான்? 'எங்க வம்சம் அப்படிப்பட்ட வம்சம்!'னு மீசையை முறுக்குவான்.

இந்தக் கணக்கை 1873-ல கால்ட்டன்னு ஒரு வெள்ளைக்காரர் பத்திரிகையில கேள்வியாப் போட்டாராம். பெரிய வீட்டுப் பேரெல்லாம் ஏன் மறையுதுங்கிறதுதான் விசாரம். வாட்சன்னு ஒரு பாதிரியார் கணக்குப் போட்டு, எல்லாப் பேரும் ஒருநாள் அழிஞ்சே தீரும்னுட்டாரு. அதுல ஒரு பிசகு. ஒரு தகப்பனுக்குச் சராசரி ஒரு மகன், இல்ல அதுக்கும் கீழன்னா அழிவு நிச்சயம். ஒண்ணுக்கு மேலன்னா தப்பிக்க வழி உண்டு. இதைப் பின்னால வந்தவங்க திருத்தினாக. வேடிக்கை என்னன்னா, 1845-லயே பியானமேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இதைச் சரியாச் சொல்லி வெச்சிருந்தாரு. நூறு வருசத்துக்கு மேல ஒருத்தனும் அவரைக் கண்டுக்கல. கணக்குக்குக் கால்ட்டன்-வாட்சன்னு பேராகிப்போச்சு. பேரு எப்படி அழியும்னு கணக்குப் போட்டவர் பேரே அழிஞ்ச கதையைப் பாத்தியா?

ஜப்பான்காரன் பேரு அழியுறதுக்குச் சட்டமே வெச்சிருக்கான். கல்யாணம் ஆனா புருசனும் பொண்டாட்டியும் ஒரே சர்நேம் வெச்சுக்கணும். யாரு பேருன்னு சட்டம் சொல்லல, ஆனா கிட்டத்தட்ட நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு வீட்டுல பொம்பளைதான் மாத்திக்கிறா. கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒரு பேருக்கு மாலை, ஒரு பேருக்குக் கருமாதி. தொஹோக்கு பல்கலைக்கழகத்து யோஷிதா ஹிரோஷி 2024-ல கணக்குப் போட்டு, இப்படியே போனா 2531-ல ஜப்பான்காரன் அத்தனை பேரும் 'சாத்தோ'தான்னு சொல்லியிருக்காரு. இன்னைக்கு அந்தப் பேரு நூத்துக்கு ஒண்ணரைதான். சட்டத்தை மாத்துங்கன்னு சுருக்குன்னு குத்திக் காட்டத்தான் அந்தக் கணக்கு. அந்த நாள் வந்தா அங்க எல்லாரும் நம்ம கீழத்தெரு. கூப்பிட நொண்டிக்காளைதான் வேணும்.

நாம என்ன பண்ணினோம்? பேருக்குப் பின்னால சாதியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். 1929-ல செங்கல்பட்டுல சுயமரியாதை மாநாடு போட்டு, அந்த வாலை அறுங்கன்னாக. கொஞ்சங்கொஞ்சமா அறுத்தோம். மிஞ்சினது அப்பன் பேருல ஒரே எழுத்து. தலைமுறைக்குத் தலைமுறை மாறுற எழுத்து. ஐஸ்லாந்துக்காரனும் நம்ம ஜாதகம்தான். அங்கயும் பெரும்பாலும் அப்பன் பேருதான் பின்னால வருது, அதனால டெலிபோன் புத்தகத்தையே முதல் பேரு வரிசையிலதான் போட்டுக்கிட்டிருந்தானாம். ஒரு எழுத்துக்கு என்ன பெருமை, என்ன வம்சம்? எனக்கு அது சவுகரியமாத்தான் இருந்துச்சு.

உங்க காலத்துலதான் வில்லங்கம். 2022 நவம்பர்ல, பாஸ்போர்ட்டுல ஒத்தப் பேரு மட்டும் இருந்தா உள்ள விடமாட்டோம்னு ஐக்கிய அரபு எமிரேட்ஸ்காரன் சொன்னான். நம்ம பயலுக பெட்டியோட முழிச்சாங்க. அப்புறம் பாஸ்போர்ட்டுல தகப்பன் பேரு இருந்தாப் போதும்னு இறங்கி வந்தான். அமெரிக்க விசாவுல முன்பேரு கட்டம் காலியா இருந்தா 'எஃப்.என்.யூ.'ன்னு அடிச்சிருவான். முதல் பேரு தெரியாதுன்னு அர்த்தம். அங்க ஒரு ஆபீசுல போயி 'மிஸ்டர் எஃப்.என்.யூ.'ன்னு கூப்பிட்டா, நம்ம பக்கத்துப் பிள்ளைக நாலஞ்சு எந்திரிக்கும். பாரு, ஒரு குமாஸ்தா எந்திரம் புதுசா ஒரு வகையறாவையே பெத்துப் போட்டிருக்கு!

அதுக்குப் பயந்துதான் இப்போ எல்லாரும் அப்பன் பேரைச் சர்நேம் கட்டத்துல போட்டுட்டு விமானம் ஏறுறாங்க. அங்க பிறக்கிற பிள்ளைக்கும் அதே சர்நேம், அதுக்குப் பிறக்கிறதுக்கும் அதே. தலைமுறைக்குத் தலைமுறை மாறின பேரு உறைஞ்சு நிக்குது. ஜானுக்குப் பிறந்தவன் ஜான்சன் ஆனதும், ஆண்டர்ஸுக்குப் பிறந்தவன் ஆண்டர்சன் ஆனதும் இப்படித்தான். நூறு வருசம் கழிச்சு ஏதோ ஒரு பனி தேசத்துல, பொன்னாட்டம் ஒரு பிள்ளை 'மாடசாமி'ங்கிற சர்நேமோட டாக்டரா நிப்பா. கீழத்தெரு மாடசாமி கையெழுத்துப் போடத் தெரியாம மை தொட்டு விரலை அழுத்தினவன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?

விரலை அழுத்தினதுன்னு வந்துருச்சு. சரி, நூத்தம்பதார் கதைக்கு வருவோம்.

1976. பங்குனி மாசம். தூத்துக்குடியில இருந்து 150 ரூவாய்க்கு மணியார்டர் வருது. 'கருப்பசாமி, தகப்பனார் மாடசாமி, கீழத்தெரு.' அவ்வளவுதான். அடியில கூப்பன்ல 'அன்புள்ள அப்பாவுக்கு, சுகம், பணம் அனுப்பியிருக்கேன்'. மச்சு வீட்டான் மகனும் தூத்துக்குடியில உப்பளத்துல இருக்கான், நொண்டிக்காளையான் மகனும் அங்கதான் இருக்கான். எதிர்த்தாப்புல வந்தது நொண்டிக்காளையான். கைநாட்டை வாங்கிக்கிட்டுக் குடுத்துட்டேன். அவன் மேல தப்புச் சொல்ல முடியாது, மகன் முதமுறையாக் காசு அனுப்பினான்னு கண்ணுல தண்ணி விட்டான். அன்னைக்கே சந்தைக்குப் போயிக் கிடா வாங்கி, மறுநா குலசாமிக்கு வெட்டி, தெருவுக்கே சோறு போட்டான். எனக்கும் இலை போட்டு, போஸ்ட்மாஸ்டருக்கு ஈரல் வைங்கன்னு தனியா உபசாரம்.

மூணாம் நாளு மச்சு வீட்டான் வந்து நிக்கிறான். 'மகன் கடுதாசி போட்டிருக்கான், எம் பணம் எங்க சாமி?' கிடா வயித்துல. அதுல ஈரல் என் வயித்துல. யாருக்கிட்டக் கேக்க? உங்க பாட்டி மூக்குத்தியை அடகு வெச்சு, நூத்தம்பது ரூவாயை எண்ணி வெச்சேன். அன்னையில இருந்து நான் தெருவுல போனா, 'நூத்தம்பதார் வாராக, வழி விடுங்க'ன்னு பயலுக ஒதுங்கி நிப்பாங்க. அவங்க பிள்ளைகளுக்கு அது கிண்டல்னு தெரியும். அதுக பிள்ளைகளுக்கு அது வெறும் பேரு. உனக்கு வர்றப்போ நூத்தம்பது ஏக்கரா விளைஞ்சிருச்சு.

என்ன, மூஞ்சி தொங்கிப்போச்சு? இதுல வெக்கப்பட என்ன இருக்கு? கொரியாவுல ராசா பேரை இரவல் வாங்கினவன், ஓவாஸ்ல வந்த பக்கத்துல இருந்து பேரு எடுத்தவன், எல்லாருக்கும் பின்னால இப்படி ஒரு கிடாக் கதை இருக்கத்தான் செய்யும். கேக்கத்தான் கிழவன் உசிரோட இல்ல. உனக்கு நான் இருக்கேன், அது உன் கெட்ட நேரம்.

என் யோசனை கேட்டா, பிள்ளைக்கு அவ ஆத்தா பேரைப் போடு. கொரியாவுல அந்தக் கிம்ஹே கிம் வகையறாவோட மூலக் கதையிலயே ராணி கேட்டுக்கிட்டபடி ரெண்டு மகன்களுக்கு அவ பேரைத்தான் விட்டாகளாம், அந்த வகையறா இன்னைக்கும் இருக்கு. புளியங்கொட்டையில கறுப்பு விழுந்தா அழிச்சிரணும்னு விதி போட்டது நாமதானே? பெத்தவ பேரும் போகும்னு வெச்சா ஆட்டமே மாறிரும். மாட்டேங்கிறியா? மீசை தடுக்குதா? அப்போ தாராளமா நூத்தம்பதார்னே எழுது. நீ கேட்டபடியே உலகத்துல வேற எவனுக்கும் இருக்காது. அதுக்கு நான் பொறுப்பு. நாலு தலைமுறை தாண்டினா நூத்தம்பது கிராமத்தை ஆண்ட வம்சம்னு உன் எள்ளுப்பேரன் சொல்லிக்குவான், அப்போ மறுத்துப் பேசவும் ஆள் இருக்காது.

எதுவானாலும் எழுதுறதுக்கு முன்னால உள்ள போயி உன் பொண்டாட்டிகிட்டக் கதையை நீயே சொல்லிரு. நான் சொன்னா நாளைக்கு மோர் வராது.